ராத்திரியில் விழித்த பிள்ளையை மறுபடி தூங்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேறுகால வார்டில் 27 ஆண்டு நர்ஸாக வேலை பார்த்தவள். இப்போது பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். செட்டிநாட்டுப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று எங்கே வாழ்ந்தாலும் பெண்கள் மாதம் நிறைவதற்குள் காரைக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுவார்கள். பிள்ளை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் எனக்குப் போன் வரும். "ஆச்சி, ராத்திரி முழித்துக்கொண்டால் மறுபடி தூங்கவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?" என்று. அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கிற, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

இத்தனை தடவை ஏன் விழிக்கிறது? ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் சேர்ந்தாற்போல் தூங்காது. பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்றால், பிள்ளைக்கு ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தூக்கம் மேலே வரும். நாமும் அப்படி விழித்துப் புரண்டு படுக்கிறவர்கள்தான், காலையில் நினைவிருக்காது. பிள்ளைக்குத் தானாகப் புரண்டு படுக்கத் தெரியாது, அதனால் நம்மைக் கூப்பிடுகிறது.

வயிறும் சின்னது, தாய்ப்பாலும் சீக்கிரம் செரிக்கும். முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் மூன்று நான்கு தடவையாவது ராத்திரியில்தான் வரும். பிறந்த எடைக்குத் திரும்பாத பிள்ளை என்றால் நாமே எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் எடை திரும்பிவிடும்.

ஆகவே விழிக்காமல் இருக்க என்ன வழி என்று தேடாதீர்கள். விழித்தது சீக்கிரம் திரும்பத் தூங்கப் போக என்ன வழி என்று பாருங்கள். நான் சொல்ல முடிந்ததெல்லாம் அதற்குத்தான்.

முனகினாலே தூக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். நல்ல மனதோடு நாம் செய்கிற முதல் தப்பு இதுதான். பிறந்த பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி ஆழமில்லாத தூக்கம். அந்த நேரத்தில் கையைக் காலை உதறும், முகத்தைச் சுளிக்கும், முனகும், சிரிக்கும், ஒரு விநாடி கண்ணைக்கூடத் திறக்கும். பார்க்கிறவர்களுக்கு விழித்துவிட்டது போலவே இருக்கும். அது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்துப் பக்கம், படுத்திருக்கிற அப்பத்தா ஓடி வந்து தூக்கினால், தூங்குகிற பிள்ளையை நாமே எழுப்பினது ஆகிவிடும்.

கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பாருங்கள். விளக்கு போடாதீர்கள். தானே அடங்கினால் சரி. வாயைத் திறந்து தேடுகிறது, கையைச் சப்புகிறது, தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறது என்றால் பசி. அப்போது அழுகை முற்றும்வரை காத்திருக்கக் கூடாது. அழுது களைத்த பிள்ளை சரியாகக் குடிக்காது, குடிக்காத பிள்ளை அரை மணியில் மறுபடி எழுந்துகொள்ளும்.

சரி, உண்மையிலேயே விழித்து அழுகிறது. அப்புறம் என்ன செய்வது?

முதலில் படுத்த இடத்திலேயே நெஞ்சில் உள்ளங்கையை வையுங்கள். அழுத்த வேண்டாம், கையின் கனம் தெரிந்தால் போதும். பிள்ளையின் இரண்டு கையையும் அதன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து 'ஸ்ஸ்ஸ்' என்று மெதுவாக, நீளமாகச் சொல்லுங்கள். திடுக்கிட்டு விழித்த பிள்ளையாக இருந்தால் இதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லை, கடைசியாகப் பால் குடித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றால் பால் கொடுங்கள். துணி நனைந்திருந்தால் ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மாற்றிவிட்டு, அப்புறம் அடுத்த பக்கம் கொடுங்கள். எல்லாம் முடிந்து கண் சொருகின பிறகு துணி மாற்றப் போனால் செய்த வேலை அத்தனையும் வீண். மலம் கழிக்கவில்லை, டயப்பரும் கனக்கவில்லை என்றால் ராத்திரியில் மாற்றாமலே விடலாம். குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் வரட்டும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தடவையும் ஏப்பம் வராது. பத்து நிமிடம் நிமிர்த்திப் பிடித்தும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, இன்னும் அழுகிறது என்றால் தூக்கிக்கொண்டு நடங்கள். இதற்கு நம் வீடுகளைப் போல வசதியான இடம் எங்கேயும் கிடைக்காது. வளவைச் சுற்றி நாலு பக்கமும் பத்தி, இடைஞ்சல் இல்லாத நீளமான நடை, ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரை. என் மகள் பிறந்தபோது ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் தூண் தூணாக எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஓட்டமும் கூடாது, குலுக்கலும் கூடாது. ஒரே சீராக, நிற்காமல், திடீரென்று திரும்பாமல் நடக்க வேண்டும். பிள்ளையின் தலையும் கழுத்தும் உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும்.

எத்தனை நேரம் நடப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 21 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டது. அழுகிற பிள்ளையை ஐந்து நிமிடம் நடந்தபடி தூக்கி வைத்திருந்தால் அழுகை அடங்கியது, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் தூங்கியும் போயின. அப்புறம் உடனே கீழே போடாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டுப் படுக்க வைத்தால் விழிப்பது குறைந்தது. நம் ஆயாக்கள் (அம்மாவைப் பெற்ற பாட்டிகள்) தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "இருடி, அசந்து தூங்கட்டும்" என்று சொன்னதும் இதே கணக்குத்தான்.

இதெல்லாம் செய்யும்போது பேச்சு கூடாது. பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ராத்திரி இரண்டு மணிக்குப் பொக்கை வாய் சிரிப்பைப் பார்த்து யாருக்குத்தான் மனம் அடங்கும்? கொஞ்சுவதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி என்றால் ஒன்றும் நடக்காத நேரம் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

மடியில் தூங்குகிறது, கீழே வைத்த நிமிடமே விழிக்கிறதே?

அந்த ஜப்பான் ஆராய்ச்சியிலேயே இதற்கும் விடை இருக்கிறது. பிள்ளையின் இதயத் துடிப்பு ஏறியது படுக்கையில் பட்டபோது அல்ல, தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கியபோதுதான். ஆகவே உங்கள் உடம்பையே பிள்ளையோடு சேர்த்துக் கீழே குனியுங்கள். முதலில் பாதம், அப்புறம் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. முதலில் தலை இறங்கினால் விழுகிற உணர்வு வந்து கையை விரித்துத் திடுக்கிடும். வைத்த பிறகும் நெஞ்சில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை என்று ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். ஒரு கையை எடுங்கள். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுங்கள்.

அசந்துவிட்டதா என்று பார்க்க, பிள்ளையின் கையை லேசாகத் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். விரல் மடங்கி, கை விறைப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரிதான் விளையாடுகிறான். எப்படி மாற்றுவது?

இரவு எது பகல் எது என்று காட்டுகிற கடிகாரம் பிள்ளை உடம்பில் பிறக்கும்போது ஓடுவதில்லை. மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பு இரவில் ஒழுங்காக ஊறத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இங்கே நம் வழக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் உள் அறையில் வைக்கிறோம். பழைய வீட்டு உள் அறைக்குள் பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட வெளிச்சம் எட்டாது. சாயங்காலம் ஆனால் பங்காளி வீட்டார், மாமன் வீட்டார், பிள்ளை பார்க்க வருகிறவர்கள் என்று டியூப்லைட் போட்டு, ராத்திரி பத்து வரை பேச்சும் கைமாற்றித் தூக்குவதும் நடக்கிறது. பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் பிள்ளைக்கு நாமே காட்டிவிட்டு, "ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான்" என்றால் அவன் என்ன செய்வான்?

காலையில் எழுந்ததும் வளவு வாசல் பக்கம் கொண்டுவந்து உட்காருங்கள். நேர் வெயில் வேண்டாம், மேலே தெரிகிற வானத்தின் வெளிச்சம் போதும். பகல் தூக்கமும் அந்த வெளிச்சத்திலேயே, குக்கர் விசில், பாத்திரச் சத்தம் நடுவிலேயே நடக்கட்டும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குங்கள். ராத்திரிக்கு மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு பல்பு ஒன்று, தரையோரமாக, பிள்ளை கண்ணில் படாத இடத்தில் போதும். பால் கொடுக்கும்போது போன் பார்க்கிறவர்கள் அந்த வெளிச்சம் பிள்ளை முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களுக்கு, "ஏழு மணிக்குள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல வீட்டில் ஒரு மூத்தவர் வேண்டும். பெற்றவள் சொன்னால் மனவருத்தம் ஆகும், அப்பத்தாவோ ஆயாவோ சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் இப்படி நடத்தினால் மாற்றம் தெரியும்.

தூளியில் போட்டால்தான் தூங்குகிறது. போடலாமா?

இதற்கு ஒரு வார்த்தையில் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே பழைய கண்டாங்கிச் சேலையில் தூளி கட்டி ஆட்டியவள்தான். நூல் சேலை, பத்துத் தடவை துவைத்து மெத்தென்று ஆனது, காற்று புகும். அந்த ஆட்டத்துக்கு அடங்காத பிள்ளை அபூர்வம்.

ஆனால் வார்டில் வேலை பார்த்த கண்ணால் பார்த்தால் தூளியில் இரண்டு ஆபத்து தெரிகிறது. உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழல் மடங்கும். அதுவாகத் தலையை நிமிர்த்திக்கொள்ளாது. இரண்டாவது, துணி இரண்டு பக்கமும் மேலே மூடி முகத்தில் ஒட்டுவது. எனவே தூளியை ஆட்டி அடக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்கப் படுக்க வைக்கிற இடமாக வேண்டாம். பக்கத்தில் விழித்திருக்கிற ஆள் இருக்க வேண்டும். குறுக்குக் கட்டை கொடுத்துத் துணியை அகட்டிக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் தொங்கட்டும், கீழே பாய் விரித்திருக்கட்டும். உத்தரத்துக் கொக்கியை வாரம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பிள்ளை அசந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது விழித்தால் நெஞ்சில் கை வைக்கிற அதே முறைதான்.

இன்னொன்று முக்கியம். வீட்டில் ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால், தூளி காலியாக இருக்கும்போது அவிழ்த்தோ சுருட்டி மேலே கட்டியோ வைத்துவிடுங்கள். அவர்கள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்தில் சேலை முறுக்கி இறந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் பல நடந்திருக்கின்றன. இதை ஒரு நாளும் அசட்டையாக விடாதீர்கள்.

எங்கே, எப்படிப் படுக்க வைப்பது? குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறதே?

மல்லாக்கத்தான். ராத்திரியும் பகலும், ஒவ்வொரு தடவையும். குப்புறப் போட்டால் ஆழ்ந்து தூங்குவது உண்மைதான், அதுவேதான் அதில் உள்ள ஆபத்து. மூச்சு முட்டும்போது விழித்துக்கொள்ள வேண்டிய பிள்ளை விழிக்காமல் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1994-இல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய இயக்கமே நடத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே பிள்ளைகள் இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கக்கினால் புரையேறும் என்று பயப்படுகிறார்கள். நலமான பிள்ளைக்கு மல்லாக்கப் படுத்திருக்கும்போது கக்கினது மூச்சுக்குழலுக்குள் போகாமல் உடம்பே தடுத்துக்கொள்ளும்.

படுக்கை கெட்டியாக, தட்டையாக இருக்க வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை, தலை உருண்டையாக வர வைக்கிற கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கிற குட்டித் திண்டு, பொம்மை எதுவும் வேண்டாம். தாயோடு ஒரே அறையில், தனி விரிப்பில், கை எட்டுகிற தூரம் என்பதுதான் நல்ல இடம். நம் வழக்கப்படி தரையில் பாய் விரித்துப் படுப்பது இதற்குத் தோதானது, உருண்டு விழ இடமில்லை. பழைய வீடு என்றால் பூரான், தேள் வரும், அதனால் விரிப்பைத் தினமும் உதறிப் போட்டு வலை கட்டுங்கள். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கண் அசரவே கூடாது. பக்கத்தில் படுக்கிறவர் புகை பிடிப்பவர், குடித்திருப்பவர், தூக்க மாத்திரை போட்டிருப்பவர் என்றால் ஒரே விரிப்பு ஆகாது.

சித்திரை வெயிலில் என்ன செய்வது? ஏசி போடலாமா? கொசு?

பிள்ளைக்குக் குளிரும் என்று பயந்து தொப்பி, காலுறை, இரண்டு துணி சுற்றி வைக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் அது கொடுமை. அதிகச் சூடு அழுகைக்கு மட்டும் காரணமில்லை, உயிருக்கும் ஆபத்து. கை கால் சில்லென்று இருப்பது வழக்கம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஒரு மெல்லிய நூல் சட்டை போதும். மின்விசிறி ஓடலாம், ஏசியும் போடலாம், 25, 26 அளவில் வைத்து காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கரண்ட் போனால் பனையோலை விசிறி.

துணியில் இறுக்கிச் சுற்றினால் திடுக்கிடுவது குறையும் என்பது சரிதான். ஆனால் இடுப்பும் காலும் தவளை போல மடங்க இடம் விட்டுச் சுற்றுங்கள், வெயில் காலத்தில் மல் துணி மட்டும். புரள முயற்சி செய்கிற அன்றோடு சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

கொசுவுக்கு வலை மட்டும்தான். சுருள் கொளுத்தாதீர்கள். குளிப்பாட்டினதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. மணம் வேண்டுமென்றால் பிள்ளை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வசம்பு சுட்டு, உரைமருந்து, தேன், கிரைப் வாட்டர் எல்லாம் கொடுத்தால் அசந்து தூங்கும் என்கிறார்களே?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பு துவண்டு மூச்சே நின்றுபோகலாம். வசம்பு காலகாலமாக நம் வீடுகளில் இருப்பதுதான், ஆனால் அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நஞ்சு. வசம்பு கொடுத்து பிள்ளை மயங்கிக் கிடந்தால் அது தூக்கம் ஆகாது. வசம்பு மணியைக் கையில் கட்டினாலும் வாயில் போட்டுச் சப்பும். கிரைப் வாட்டர் தேவையில்லாதது. சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்பத்தா உரசிக் கொண்டுவரும்போது மறுப்பது எளிதில்லை. "டாக்டர் ஆறு மாதம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் அப்பத்தா, நீங்கள் எண்ணெய் தேய்த்துவிடுங்கள்" என்று கையில் வேறு வேலை கொடுங்கள். சாயங்காலம் இளஞ்சூட்டுத் தேங்காய் எண்ணெயால் மெதுவாகக் காலும் முதுகும் நீவி, வெந்நீரில் ஒத்தி எடுப்பது பிள்ளைக்கு நல்ல இதம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று எடுக்கச் சொல்கிறார்கள்.

தூக்கும்போது பிடித்துக்கொண்டது, உரம் விழுந்தது என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது உண்டு. வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளைக்கு மூளையிலும் கழுத்திலும் அடிபடும்.

இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குகிற ஒரு அழுகை உண்டு. சாயங்காலம் ஆரம்பித்து ராத்திரி வரை நீளும், முகம் சிவக்கும், காலை மடக்கும். மற்ற நேரத்தில் நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் இது நோய் இல்லை. உரம் எடுத்த மறுநாள் அழுகை குறைந்தால், அது குறைகிற நாள் வந்ததால் குறைந்தது.

பால் பவுடர் கொடுத்தால் நீளமாகத் தூங்குமா?

ராத்திரி விழிப்பதை வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறது, எடை ஏறுகிறது என்றால் பால் போதும். ராத்திரியில்தான் பால் ஊற வைக்கிற புரோலாக்டின் அதிகம் சுரக்கிறது. அந்த நேரத்துப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும். ராத்திரித் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. பிள்ளைக்குத் தானாக ஊறாத தூக்கச் சுரப்பைத் தாய் கொடுக்கிறாள். பால் எடுத்து வைக்கிறவர்கள் ராத்திரி எடுத்ததை ராத்திரிக்கென்று குறித்து வையுங்கள். மருத்துவக் காரணத்துக்காகப் பவுடர் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன பாடுவது? எனக்குத் தாலாட்டே தெரியாது.

பிள்ளைக்கு ராகம் வேண்டாம், தெரிந்த குரல் போதும். ஒரே பாட்டை, ஒரே வேகத்தில், தினமும் பாடுங்கள். அந்தப் பாட்டு வந்தால் தூங்குகிற நேரம் என்று ஒரு மாதத்தில் பழகிவிடும். பாட்டே வராதவர்களுக்கு என் ஆயா செய்ததைச் சொல்கிறேன். நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களை இழுத்து இழுத்துச் சொல்லுவார்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. முடிந்ததும் மறுபடி இளையாற்றங்குடி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தட்டு. நாலு சுற்றுக்குள் எனக்கே கண் சொருகும்.

அழவிட்டால் தானே பழகிக்கொள்ளும் என்கிறார்களே?

ஆறு மாதத்துக்குள் வேண்டாம். இந்த வயதில் அழுகைதான் அதன் பேச்சு. மூன்று நான்கு மாதம் ஆனபின், தினம் ஒரு தடவை மட்டும், முழுக்கத் தூங்குவதற்கு முன் கண் சொருகுகிற நிலையில் கீழே வைத்துப் பாருங்கள். அழுதால் தூக்கிவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்.

எனக்கே முடியவில்லை ஆச்சி. நாலாவது தடவை எழும்போது அழுகை வருகிறது.

வரும். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ராத்திரியைப் பங்கு போடுங்கள். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை ஆயாவோ சின்னம்மாவோ பிள்ளையோடு இருக்கட்டும், பாலுக்கு மட்டும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏப்பமும் துணியும் நடையும் அவர்கள் பார்க்கட்டும். தகப்பன் ஊரில் இருந்தால் பின்ராத்திரி அவர் பங்கு. நம் பக்கத்து ஆண்கள் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவர்கள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுவார்கள். வந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும். சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கின தாய்க்கும் தூங்காத தாய்க்கும் உள்ள வித்தியாசத்தை வார்டில் தினமும் பார்த்திருக்கிறேன்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் உண்டு. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கத்தான் வேண்டும். தலைமாட்டில் ஒரு செம்பு வெந்நீரும் கடிக்க ஏதாவதும் வையுங்கள்.

கோபம் தலைக்கேறி, பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிடுவோமோ என்று ஒரு விநாடி தோன்றினாலும், மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து முகம் கழுவுங்கள். பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருக்கிறது, பிள்ளைமேல் ஒட்டுதல் வரவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது உடம்பு நோயைப் போல மருந்துள்ள நோய். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், மூச்சுவிடும்போது விலா உள்வாங்கினால், பச்சையாக வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பூத்தால், எந்த நேரத்து அழுகையையும் போல இல்லாத ஒரு கீச்சுக் குரல் கேட்டால் உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-இல் கேட்கலாம்.

முழு ராத்திரி எப்போது தூங்கும்?

மூன்று நான்கு மாதத்தில் பல பிள்ளைகள் ஐந்து மணி நேரம் சேர்ந்து தூங்கும். நாலாவது மாதத்தில் சில பிள்ளைகளுக்குத் தூக்கம் மறுபடி கெடும், பயப்படாதீர்கள். ஒரு வயது வரை ஒரு தடவை விழிக்கிற பிள்ளைகளும் ஏராளம்.

ஐந்தாம் மாதம் சென்னைக்குத் திரும்புகிறோம். பழக்கமெல்லாம் போய்விடுமே?

நாலைந்து நாள் குழம்பும், அப்புறம் ஒத்துக்கொள்ளும். அங்கே வளவு இல்லை, ஹாலிலிருந்து சமையலறைக்கும் திரும்பவும் நடங்கள், போதும். விளக்கு, நேரம், வரிசை மூன்றும் இங்கே இருந்தபடியே இருக்கட்டும். இங்கே படுத்த விரிப்பைத் துவைக்காமல் மடித்து எடுத்துப் போங்கள், முதல் நாலு ராத்திரி அதன்மேலேயே, சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிப் படுக்க வையுங்கள். தெரிந்த வாசனை பிள்ளைக்குப் பெரிய துணை. அங்கே ஆயாவும் இல்லை, அப்பத்தாவும் இல்லை, ராத்திரி எழுவது நீங்கள் இரண்டு பேர்தான். அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே அவருக்கும் இளையாற்றங்குடியில் தொடங்கி வேலங்குடி வரை வரிசை மாறாமல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.